பெயர்ப்பட்டியல் யாருடையது? கைபேசித் தொடர்புகளும் சமூக ஊடகத் தனியுரிமையும்

கடந்த பொங்கல் விடுமுறையில் திருச்சியில் இருக்கும் அத்தையின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் தமது கைபேசியை என் கையில் கொடுத்து ஒரு கேள்வி கேட்டார். அவர் பயன்படுத்தும் சமூக ஊடகச் செயலி ஒன்று, "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று ஓர் இளைஞரின் படத்தைக் காட்டியிருந்தது. "இந்தப் பையன் நம்ம தெருவுல பூ விக்கிற அம்மாவோட மகன்ப்பா. இவன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. எனக்கும் இவனுக்கும் சம்பந்தம் இருக்குன்னு இதுக்கு யார் சொன்னா?" என்றார்.

பெரும்பாலும் அத்தையின் கைபேசியே சொல்லியிருக்க வேண்டும். பூக்கார அம்மா கொடுத்திருந்த எண் அவருடைய மகன் வாங்கித் தந்த சிம்முக்கு உரியது; மகன் அதே எண்ணைக் கொடுத்துத்தான் தம்முடைய கணக்கைத் தொடங்கியிருந்தார். அத்தை அந்த எண்ணைப் "பூக்காரம்மா" என்று சேமித்து வைத்திருந்தார். செயலியை நிறுவிய நாளில், தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கலாமா என்று அது கேட்டபோது, மற்ற கேள்விகளோடு சேர்த்து அதற்கும் "அலவ்" என்பதைத் தொட்டிருந்தார். இரண்டு முனைகளும் இணைய இவ்வளவே போதும்.

சமூக ஊடகத் தனியுரிமை என்றதும் நாம் பெரும்பாலும் புகைப்படங்களைப் பற்றியும் பதிவுகளைப் பற்றியும் நினைக்கிறோம். ஆனால் கைபேசியில் அதன் அடித்தளம் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் "கான்டாக்ட்ஸ்" என்று சொல்லும் தொடர்புப் பட்டியல்தான் அது. யார் நம்மைக் கண்டுபிடிக்க முடியும், யார் நம் படத்தைப் பார்க்க முடியும், யாரோடு நம்மைச் செயலி முடிச்சுப் போடும் என்பவற்றில் பெரும்பகுதியை அந்தப் பட்டியலே தீர்மானிக்கிறது. ஆகவே தனியுரிமை அமைப்புகளைக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவர், செயலிகளின் அமைப்புப் பக்கங்களுக்குள் நுழையும் முன் தம்முடைய பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

செயலி ஏன் பட்டியலைக் கேட்கிறது?

வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்வோம். அதைப் புதிதாக நிறுவியவுடன், நம் உறவினர்களும் நண்பர்களும் பெயரோடு வரிசையாக வந்து நிற்கிறார்கள். இது நடப்பதற்கு, செயலி நம் கைபேசியில் உள்ள எண்களை எல்லாம் தன் சேவையகத்துக்கு அனுப்புகிறது. சேவையகம் அவற்றைத் தன்னிடம் பதிவான எண்களோடு ஒப்பிட்டு, "இவர்கள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள்" என்று திருப்பிச் சொல்கிறது. இதை ரகசியச் சூழ்ச்சி என்று சொல்ல முடியாது; எண்ணையே அடையாளமாகக் கொண்ட செயலிகள் வேலை செய்யும் முறை இதுதான். ஆனால் அனுப்பப்படும் எண்களில் அந்தச் செயலியை ஒருநாளும் பயன்படுத்தாதவர்களின் எண்களும் இருக்கின்றன என்பதையும், அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒருவர் கொடுக்கும் அனுமதி எத்தனை பேர் வரை நீளும் என்பதற்கு 2018-இல் வெளிவந்த, ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்களைத் திரட்டிய அரசியல் ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிடிகாவின் விவகாரம் ஒரு கணக்கைத் தருகிறது. ஃபேஸ்புக்கில் இயங்கிய ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். அவர்களுடைய நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் விவரங்கள் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,120 பேர் என்று ஃபேஸ்புக் நிறுவனமே தெரிவித்தது. அது நண்பர் பட்டியல், நாம் பேசுவது எண்களின் பட்டியல். ஆனாலும் ஒருவர் தொட்ட ஒரு பொத்தான் ஊர்முழுவதற்கும் செல்லுபடியான கதை இரண்டிலும் ஒன்றே.

"அந்தக் காலத்தில் டெலிபோன் டைரக்டரி என்று தடிமனாக ஒரு புத்தகம் வீட்டுக்கு வீடு இருந்ததே, அதில் பெயர், முகவரி, எண் எல்லாம் அச்சடித்துத்தானே கொடுத்தார்கள், அப்போது யாரும் பயப்படவில்லையே" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அந்தப் புத்தகத்தில் பெயர் தெரிந்தால் எண்ணைத் தேடலாம்; எண்ணை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது கடினம். இன்று நிலை தலைகீழாகிவிட்டது. பத்து இலக்கங்கள் கையில் இருந்தால், ஒரு செயலி முகத்தைக் காட்டுகிறது. யுபிஐ செயலி ஒன்றில் அதே எண்ணைத் தட்டினால், அதனுடன் இணைந்த வங்கிக் கணக்கில் உள்ள பெயர் வருகிறது. வேறொன்று, மற்றவர்கள் தங்கள் கைபேசியில் நம்மை என்ன பெயரில் சேமித்தார்கள் என்பதை வைத்து ஒரு பெயரைச் சொல்கிறது. எண் என்பது அழைப்பதற்கான இலக்கம் என்ற நிலையிலிருந்து, ஆளைத் திறக்கும் சாவியாக மாறிவிட்டது.

இந்தச் சாவியைக் கூட்டமாகப் பயன்படுத்திப் பார்த்தவர்களும் உண்டு. 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் எண்கள், பெயர்களோடும் பிற விவரங்களோடும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. கடவுச்சொல்லை உடைத்து யாரும் அவற்றை எடுக்கவில்லை. நண்பர்களைக் கண்டுபிடிக்க உதவும் தொடர்புப் பதிவேற்ற வசதியில், தாங்களே உருவாக்கிய எண்களை "என் தொடர்புகள்" என்று ஏற்றியிருக்கிறார்கள். எந்த எண் யாருடையது என்பதை வசதியே சொல்லிவிட்டது. இதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2025-இல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே வழியில் வாட்ஸ்அப்பைச் சோதித்து, ஏறத்தாழ 350 கோடிக் கணக்குகளை உறுதிப்படுத்தினார்கள். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் முகப்புப் படம் எவரும் பார்க்கும்படி இருந்தது. ஆய்வாளர்கள் தெரிவித்த பின், எண்களை இப்படி வேகமாக அடுத்தடுத்துச் சோதிப்பதற்கு வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு போட்டது. படத்தை "எல்லோருக்கும்" என்ற நிலையில் விட்டுவைப்பது, நம்மைத் தெரியாத எவரோ வரிசையாக எண்களைத் தட்டிக்கொண்டே வரும்போது நம் முகத்தையும் அவர் கையில் கொடுப்பதாகும்.

எண்களை அப்படியே அனுப்பாமல், திரும்ப அறிய முடியாத சங்கேத உருவாக மாற்றி அனுப்புகிறோம் என்று சில செயலிகள் சொல்வது உண்மையே. ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியக் கைபேசி எண்கள் பத்து இலக்கம் கொண்டவை; 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்குபவை. ஆக மொத்தம் இருக்கக்கூடிய எண்கள் 400 கோடிதான். இந்த 400 கோடியையும் ஒன்றுவிடாமல் அதே சங்கேத உருவுக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. நீளமான கடவுச்சொல்லைக் காக்கும் உத்தி, பத்து இலக்க எண்ணைக் காப்பதில்லை. இதை உணர்ந்துதான் சிக்னல் போன்ற செயலிகள், ஒப்பிடும் வேலையையே சேவையகத்துக்குள் பூட்டப்பட்ட ஒரு தனிப் பகுதியில் செய்கின்றன.

அனுமதி என்ற முதல் வாசல்

அனுமதி கேட்கும் வழக்கமே வெகுநாள் பழையதல்ல. 2012 பிப்ரவரியில், பாத் என்ற சமூக வலைச் செயலி, பயனர்களின் தொடர்புப் பட்டியல் முழுவதையும் கேட்காமலே தன் சேவையகத்துக்கு ஏற்றிவந்தது தெரியவந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது; அதே ஆண்டு வந்த ஐஓஎஸ் 6 முதல், ஐபோனில் ஒரு செயலி பட்டியலைத் தொடும் முன் கேட்டாக வேண்டும் என்றானது. ஆண்ட்ராய்டில், நிறுவும்போதே எல்லாவற்றுக்கும் ஒட்டுமொத்தமாகச் சம்மதம் வாங்கும் முறை 2015-இல் வெளிவந்த 6-ஆம் பதிப்போடுதான் மாறியது. அதன் பின்னரே ஒவ்வோர் அனுமதியையும் தனித்தனியாகக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் முடிந்தது.

இந்த உரிமையைப் பயன்படுத்துவது எளிது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், பிரைவசி, பெர்மிஷன் மேனேஜர், கான்டாக்ட்ஸ் என்ற வரிசையில் போனால், பட்டியலைப் பார்க்க அனுமதி பெற்ற செயலிகள் அனைத்தும் ஒரே திரையில் வரும். சில நிறுவனங்களின் கைபேசிகளில் இந்தப் பெயர்கள் சற்று மாறலாம், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் "பெர்மிஷன்" என்று தேடினால் கிடைத்துவிடும். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் கான்டாக்ட்ஸ். அத்தையின் கைபேசியில் அந்தத் திரையைத் திறந்தபோது இருபத்து மூன்று செயலிகள் இருந்தன. அவற்றில் ஒன்று டார்ச் விளக்கு, இன்னொன்று நாள்காட்டி, ஒன்று புகைப்படத்துக்குப் பூ வைக்கும் செயலி. ராகு காலம் சொல்வதற்குச் சம்பந்தியின் எண் எதற்கு? இப்படிப் பட்டியல் தேவைப்படாதவை அனைத்தையும் "டோன்ட் அலவ்" என்று மாற்றினோம். எதுவும் நிற்கவில்லை, எல்லாம் முன்போலவே வேலை செய்தன.

எந்தச் செயலிக்குக் கொடுக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், பட்டியல் இல்லாமல் அந்தச் செயலியின் முதன்மையான வேலை நடக்குமா என்பதுதான். தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் உரிய செயலிகளுக்கு அது தேவை. வாட்ஸ்அப்புக்கு மறுத்தாலும் அது இயங்கும். ஆனால் பெயர்கள் மறைந்து எண்களாகத் தெரியும் என்பதால் பெரும்பாலோருக்கு அது சிரமம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் ஆகியவற்றுக்குப் பட்டியல் தேவையே இல்லை. பெயரைத் தேடி நண்பரைச் சேர்த்துக்கொள்ள நமக்குத் தெரியும். ஐஓஎஸ் 18 முதல், முழுப் பட்டியலையும் கொடுக்காமல் நாம் தேர்ந்தெடுக்கும் சிலரை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டும் வசதி வந்திருக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. அனுமதியைத் திரும்பப் பெறுவது இனி நடப்பதை நிறுத்துமே தவிர, ஏற்கெனவே ஏறிவிட்ட பட்டியலை அழிக்காது. அதை அந்தந்தச் செயலிக்குள் போய்த்தான் நீக்க வேண்டும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும், அக்கவுண்ட்ஸ் சென்டருக்குள் உங்கள் தகவல்களும் அனுமதிகளும் என்ற பகுதியில் தொடர்புப் பதிவேற்றம் பற்றிய அமைப்பு இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு, ஏற்றப்பட்டவற்றையும் நீக்கிவிட வேண்டும். டெலிகிராமில் பிரைவசி பக்கத்தின் கீழே, ஒத்திசைத்த தொடர்புகளை அழிக்கும் வசதியும் ஒத்திசைவை நிறுத்தும் பொத்தானும் சேர்ந்தே இருக்கின்றன. அத்தையின் செயலியில் இதைச் செய்தபோது, அவர் ஆறு ஆண்டுகளாகச் சேமித்து, இடையில் அழித்தும் விட்ட பல பெயர்கள் அங்கே அப்படியே இருந்தன. காலமான என் மாமாவின் பழைய எண்ணும் அவற்றில் ஒன்று. அத்தை அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பட்டியலைக் கொடுப்பதால் வரும் தீங்கு வெறும் சங்கடத்தோடு நிற்பதில்லை என்பதை உடனடிக் கடன் செயலிகள் காட்டிவிட்டன. ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கியவர் தவணை தவறினால், அவருடைய பட்டியலில் உள்ள மாமனாருக்கும், அலுவலக மேலாளருக்கும், பிள்ளையின் வகுப்பாசிரியருக்கும் அழைத்து அவமானப்படுத்துவது அவர்களின் வசூல் முறையாக இருந்தது. இதனால் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் சென்னை மாநகரக் காவல்துறை இப்படியொரு வழக்கில் சீன நாட்டவர் இருவர் உள்ளிட்ட சிலரைக் கைது செய்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் கோப்புகளையும் தொடக் கூடாது என்று தெளிவாகத் தடுத்தன. அடுத்த ஆண்டு கூகுள் பிளே ஸ்டோரும் தன் விதிகளில் அதையே சேர்த்தது. ஆகவே இன்று ஒரு கடன் செயலி தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்டால், வேறெதையும் ஆராய வேண்டியதில்லை. அதை அங்கேயே நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு மிரட்டல் வந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். கடன் வாங்கியது குற்றமல்ல, மிரட்டுவதுதான் குற்றம்.

"மை கான்டாக்ட்ஸ்" என்றால் யார்?

வாட்ஸ்அப்பின் பிரைவசி பக்கத்தில் முகப்புப் படம், கடைசியாக வந்த நேரம், "அபவுட்" எனப்படும் சுயகுறிப்பு, ஸ்டேட்டஸ், குழுக்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் யாருக்குத் தெரியலாம் என்று முடிவுசெய்யும் வசதி இருக்கிறது. பெரும்பாலானவற்றில் எவ்ரிவொன், மை கான்டாக்ட்ஸ், மை கான்டாக்ட்ஸ் எக்செப்ட், நோபடி என்ற தேர்வுகள் காணப்படும். பலரும் பாதுகாப்பு என்று நம்பி "மை கான்டாக்ட்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது நல்ல தேர்வுதான். ஆனால் அதன் பொருள் என்ன என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அதன் பொருள் "எனக்கு நெருங்கியவர்கள்" என்பதல்ல. "யாருடைய எண்ணை நான் சேமித்திருக்கிறேனோ அவர்கள்" என்பதே. நம் எண்ணை அவர் சேமித்திருப்பதால் மட்டும் அவருக்குப் படம் தெரிவதில்லை. அவர் எண்ணை நாம் சேமித்திருப்பதால் தெரிகிறது. அதாவது ஓர் எண்ணைச் சேமிப்பது என்பது, நம்மை அறியாமல் நாம் கொடுக்கும் ஒரு நுழைவுச் சீட்டு. குழாய் பழுது பார்க்க ஒருமுறை வந்தவர், வீடு பார்க்க அலைந்தபோது பேசிய தரகர், பழைய கட்டிலை விற்றபோது விலை கேட்டவர் என்று எல்லோரையும் சேமித்து வைத்திருந்தால், அவர்கள் அனைவரும் "மை கான்டாக்ட்ஸ்" என்ற சொல்லுக்குள் அடக்கம். பிள்ளையின் பிறந்தநாள் படம் முகப்பில் இருந்தால் அவர்களும் அதைப் பார்ப்பார்கள்.

அத்தையின் பட்டியலில் 611 பெயர்கள் இருந்தன. "கேஸ் தம்பி", "கேஸ் தம்பி புதுசு", "டெய்லர் கடை", "பேங்க் மேனேஜர் மாறிப்போனவர்", "பழனி பஸ்ஸில் பார்த்த அம்மா" என்று அது ஒரு வாழ்க்கை வரலாறு போலவே இருந்தது. நடுவில் "ஏடிஎம்" என்று ஒரு பெயர். அதன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் என்ன என்பதை ஊகிக்க யாருக்கும் நேரமாகாது. இந்தப் பழக்கம் நம் வீடுகளில் மிகப் பரவலாக இருக்கிறது. ஆதார் எண், லாக்கர் எண், கடவுச்சொல் என்று எல்லாவற்றையும் தொடர்புப் பட்டியலில் பெயர் வைத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். மேலே சொன்ன இருபத்து மூன்று செயலிகளும் அதைப் படிக்கும் நிலையில் இருந்தன. அதை முதல் வேலையாக அழித்து, அடுத்த நாள் ஏடிஎம் மையத்துக்குப் போய் ரகசிய எண்ணையும் மாற்றிவிட்டு வந்தோம்.

ஆகையால், அமைப்புகளை மாற்றும் முன் பட்டியலைச் சலித்தெடுப்பதே சரியான வரிசை. ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து என்று போனாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். கூகுள் கணக்கில் சேமித்தவற்றில் தவறுதலாக அழித்ததை முப்பது நாட்களுக்குள் மீட்டுக்கொள்ளலாம் என்பதால் பயமும் வேண்டாம். இனிமேல் ஒருமுறை மட்டும் தேவைப்படும் எண்ணைச் சேமிக்காமல் இருப்பதும் நல்லது. பார்சல் கொண்டுவருபவருக்கு வீடு இருக்கும் இடத்தை அனுப்ப வேண்டுமென்றால், வாட்ஸ்அப்பில் புதிய உரையாடலைத் தொட்டுத் தேடல் பெட்டியில் அந்த எண்ணைத் தட்டினாலே போதும், சேமிக்காமலே அனுப்பிவிடலாம். எப்போதாவது தேவைப்படும் எலக்ட்ரீஷியன் எண்ணை எங்கே வைப்பது என்று அத்தை கேட்டார். சமையலறை நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்தோம். எந்தச் செயலியும் அதைப் படிப்பதில்லை.

சேமித்தே ஆக வேண்டும், ஆனால் படம் தெரியக் கூடாது என்கிறவர்களுக்கு "மை கான்டாக்ட்ஸ் எக்செப்ட்" இருக்கிறது. கடைசியாக வந்த நேரத்தை நாம் மறைத்தால் பிறருடையதும் நமக்குத் தெரியாது. நீல நிற டிக்கும் அவ்வாறே, ஆனால் குழுக்களில் அதை மறைக்க முடியாது.

குழுக்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் எண் வெளியே போகும் மிகப்பெரிய வாசல் அதுதான். பள்ளிப் பெற்றோர் குழு, குடியிருப்போர் சங்கம், கோயில் திருப்பணி, பழைய மாணவர்கள் என்று ஒருவர் சராசரியாக எத்தனை குழுக்களில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு குழுவில் சேர்ந்த கணத்தில், அதில் உள்ள அத்தனை பேருக்கும் நம் எண் தெரிகிறது. அவர்களில் யாரை நமக்குத் தெரியும், யாரைத் தெரியாது என்ற வேறுபாடு செயலிக்கு இல்லை. முகப்புப் படத்தை எத்தனை கவனமாக மறைத்தாலும் எண்ணை இந்த இடத்தில் மறைக்க முடியாது. 2019-இல் வந்த குழு அமைப்பில் "மை கான்டாக்ட்ஸ்" என்று தேர்ந்தெடுத்தால், நாம் சேமிக்காத எவரும் நம்மை நேரடியாகச் சேர்க்க முடியாது. அவர் தனியாக ஓர் அழைப்பை அனுப்ப வேண்டும், ஏற்பதும் விடுவதும் நம் விருப்பம், மூன்று நாளில் அது காலாவதியாகிவிடும். பங்குச் சந்தை லாபம், வீட்டிலிருந்தே வேலை என்று ஆசை காட்டும் மோசடிக் குழுக்கள் பெரும்பாலும் எண்களைக் குவியலாகச் சேர்த்துத்தான் தொடங்குகின்றன என்பதால், இந்த ஓர் அமைப்பை மட்டுமாவது உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் இன்றே மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே பக்கத்தில், தெரியாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புகளின் ஒலியை அடக்கும் வசதியும் இருக்கிறது. அக்கவுண்ட் பகுதியில் ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை அமைத்துவிட்டால், நமக்கு வரும் ஓடிபியை யாராவது ஏமாற்றி வாங்கினாலும் கணக்கைக் கைப்பற்றுவது கடினமாகிவிடும்.

மற்றச் செயலிகள்

ஃபேஸ்புக்கில் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நம் எண்ணையோ மின்னஞ்சலையோ வைத்து நம்மை யார் தேட முடியும் என்ற அமைப்பு. அதை "ஒன்லி மீ" என்று வைக்கலாம். இரண்டாவது, நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம் என்பது. இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நம் படத்தையும் பெயரையும் வைத்து ஒரு போலிக் கணக்கைத் தொடங்குபவர், அடுத்து நம் நண்பர் பட்டியலைத்தான் தேடுகிறார். "அவசரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், ஜிபேயில் ஒரு பத்தாயிரம் அனுப்பு" என்று கேட்க ஆள் வேண்டுமே. பட்டியல் மறைந்திருந்தால் அந்த மோசடிக்குக் கால் இல்லாமல் போகிறது. 2020-இல் இந்தியாவில் அறிமுகமான சுயவிவரப் பூட்டு, நண்பரல்லாதோருக்குப் படங்களையும் பதிவுகளையும் ஒரே தொடுதலில் மறைக்கிறது. குறிப்பாகப் பெண்களுக்கு அது மிகப் பயனுள்ளது.

இன்ஸ்டாகிராமில் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றுவதே முக்கியமானது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் சரியான வயதைக் கொடுத்துத் தொடங்கினால் அவர்களின் கணக்கு இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். வயதைக் கூட்டிக் கொடுத்துத் தொடங்கிய பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகிறது என்பதைப் பெற்றோர் அவர்களிடம் பொறுமையாகப் பேசிப் புரியவைக்க வேண்டும்.

டெலிகிராம், நாம் சேர்ந்தவுடன் நம் எண்ணைச் சேமித்திருப்பவர்களுக்கு அதை அறிவிக்கிறது. திரைப்படத்துக்காகவோ தேர்வுக் குறிப்புகளுக்காகவோ அதில் சேர்பவர்கள், முதலில் பிரைவசிக்குள் போய் எண்ணை யார் பார்க்கலாம் என்பதை "நோபடி" என்று மாற்றுவது அவசியம்; அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான், எண்ணை வைத்து யார் நம்மைக் கண்டுபிடிக்கலாம் என்ற இரண்டாவது கேள்வி தோன்றும், அதையும் சுருக்கிவிட வேண்டும். டெலிகிராமிலும், 2024 முதல் சிக்னலிலும், பயனர் பெயரைக் கொடுத்தே பேச முடியும் என்பதால் புதியவர்களுக்கு எண்ணைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

பிறர் கைபேசியில் இருக்கும் நாம்

நம் பட்டியலை நாம் சீர்செய்துவிட்டாலும், நம் எண் நூற்றுக்கணக்கானோரின் பட்டியல்களில் இருக்கிறது. அவர்கள் கொடுத்த அனுமதிகளை நாம் திரும்பப் பெற முடியாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. 2023-இல் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்தன. ஆனால் ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உறவினர் ஒருவர் தம் கைபேசியில் நம் எண்ணை வைத்திருப்பது சட்டத்தின் கைக்கு வெளியே இருப்பதுதான் நியாயமும்கூட. அங்கே நம்மைக் காப்பது உறவும் பண்பும் மட்டுமே. ஒருவரின் எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பதும், ஒருவரைக் குழுவில் சேர்க்கும் முன் அனுமதி பெறுவதும் அந்தப் பண்பின் பகுதிகள். எண்ணை யாராவது கேட்டால் "அவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல அத்தை இப்போது பழகிக்கொண்டிருக்கிறார்.

கடை ரசீதுக்கும் குலுக்கல் சீட்டுக்கும் எண் கேட்டால் மறுக்கலாம். பொருளுக்குப் பணம் கொடுத்தபின் எண்ணையும் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வசதி உள்ளவர்கள் இரண்டாவது சிம் ஒன்றை இதற்கென வைத்துக்கொண்டு, வங்கியோடும் ஆதாரோடும் இணைந்த எண்ணைச் சமூக ஊடகத்துக்குக் கொடுக்காமல் இருப்பது மேலும் நல்லது.

கடைசியாக, எண்ணை மாற்றும்போது செய்ய வேண்டியது. நாம் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் முடக்கப்பட்ட பின், குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம். நம் உறவினர்களின் பட்டியல்களில் அந்த எண் இன்னும் நம் பெயரில்தான் இருக்கும், குழுக்களிலும் இருக்கும். புதியவர் அதே எண்ணைக் கொடுத்து ஒரு கணக்கைத் திறக்க முயன்றால், ஓடிபி அவருக்குத்தான் போகும். ஆகவே பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே, வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றும் வசதியைப் பயன்படுத்திப் புதிய எண்ணுக்கு நகர வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டெலிகிராம், மின்னஞ்சல், வங்கி ஆகிய ஒவ்வொன்றிலும் பழைய எண்ணை நீக்கிப் புதியதைச் சேர்க்க வேண்டும். அதன் பிறகே பழைய சிம்மை விட வேண்டும். மாமாவின் எண்ணுக்கு நாங்கள் இதைச் செய்யவில்லை. அத்தை அதை மறுபடி ரீசார்ஜ் செய்யலாமா என்று விசாரித்தபோது, அது வேறொருவர் கைக்குப் போயிருந்தது. பட்டியலில் இருந்து அந்தப் பெயரை மட்டும் அழிக்க வேண்டாம் என்றார் அத்தை. எண்ணை நீக்கிவிட்டு, பெயரை மட்டும் விட்டுவைத்தோம்.